மழலைக்குச் சளியா? வேலியோரத் தழையைப் பறிக்கும் முன்...

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் சம்பா வயலுக்குப் புகையான் பயம். வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைக்குச் சளி பயம். டெல்டா பகுதியில் கத்திரித் தோட்டமும் நெல் வயலும் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வீட்டில், சென்ற மாதம் இரண்டும் ஒன்றாக வந்தன. ஒன்றே முக்கால் வயதுப் பேரனுக்கு மூக்கு அடைத்துக்கொண்டு, இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் பாட்டி கொல்லைக்குக் கிளம்பினார்.

"வேலியோரம் கற்பூரவல்லி தளதளன்னு நிக்குது. நாலு இலையை வாட்டிப் பிழிஞ்சு ஊத்தினா சளி கரைஞ்சிடும்."

மருமகள் தடுத்தார். "வேணாம் அத்தை. முந்தாநேத்துதான் மாமா கத்திரிக்கு மருந்தடிச்சாங்க. செடி அந்த வேலியிலதானே நிக்குது?"

பாட்டி அப்படியே நின்றுவிட்டார். நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தழை பறித்த கை. ஆனால் அந்தக் காலத்தில் அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கத்திரியும் இல்லை, விசைத்தெளிப்பானும் இல்லை.

சளி என்பது பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான். வாழைப்பழமும் தயிரும் சளியை உண்டாக்குவதில்லை. அங்கன்வாடியில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் தும்மலும், கழுவாத கையும்தான் கொண்டுவருகின்றன. எந்த மருந்து கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் தணியும். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே வீட்டில் நாம் செய்யக்கூடியது, அந்தப் பத்து நாளும் பிள்ளை மூச்சுவிடவும் பால் குடிக்கவும் தூங்கவும் வழி செய்து கொடுப்பதுதான்.

முதலில் மூக்கு. சின்னப் பிள்ளைக்கு மூக்கைச் சிந்தத் தெரியாது. மருந்துக்கடையில் 'சலைன்' என்று கேட்டால் உப்புநீர்ச் சொட்டு மருந்து குறைந்த விலையில் கிடைக்கும். பால் கொடுப்பதற்கும் தூங்க வைப்பதற்கும் சற்று முன்பு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து, இளகி வருவதை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வாயால் மூக்கை ஊதி எடுக்கும் பழக்கம் வேண்டாம். பெரியவர் வாயில் உள்ள கிருமி பிள்ளைக்குப் போகும். கை, மூக்குக்கும் வாய்க்கும் போவதற்கு முன் சோப்புக்குப் போகட்டும்.

அடுத்தது நீர்ச்சத்து. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தவே கூடாது; தாய்க்கே சளி இருந்தாலும் கொடுக்கலாம். மற்றபடி வெதுவெதுப்பான நீர், காரம் குறைத்த ரசம் சாதம், கஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் தணியும். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துக்கள் பெரியவர் குடலில் பொதுவாக முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, உடலைத் துவள வைத்துவிடும். கொல்லையில் வைத்த தேன்பெட்டியில் நம் கையால் எடுத்த சுத்தமான தேனாக இருந்தாலும் இதே கதைதான்.

பல வீடுகளில் நல்லது என்று நினைத்துச் செய்யும் சில காரியங்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுகின்றன. எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விடுவது அதில் முதல். எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலில் இறங்கிப் படிந்தால் வரும் நிமோனியா எளிதில் ஆறாது. பாத்திரத்தில் வெந்நீர் வைத்து ஆவி பிடிக்க வைப்பதில் சளி போவதைவிடத் தொடை வெந்துபோவதுதான் அதிகம். கற்பூரம் கரைத்த எண்ணெயை நெஞ்சில் தேய்ப்பதும், நீலகிரித் தைலத்தைத் தலையணையருகே திறந்து வைப்பதும் ஆபத்து. கற்பூரமும் தைலமும் கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரும். சளி பிடித்த பிள்ளை கைக்கு எட்டுவதையெல்லாம் வாயில்தான் வைக்கும். கடையில் வாங்கும் நெஞ்சில் தடவும் களிம்பும் இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது. சாம்பிராணிப் புகை, விறகடுப்புப் புகை, களத்தில் வைக்கோல் கொளுத்தும் புகை, கதிரடிக்கும் தூசி எல்லாமே அந்தச் சின்ன மூச்சுக்குழலுக்கு எதிரிகள்தான்.

இருமல் 'டானிக்' பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேல் இறந்துபோனார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையே வெளிக்கொண்டு வந்தது. அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத மருந்தாகவே இருந்தாலும் இந்த வயதில் அதனால் பலன் குறைவு, பக்கவிளைவு அதிகம். மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சம் இருக்கும் பாட்டிலை இளையதுக்கு ஊற்றும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். அதுவும் மருத்துவர் பிள்ளையின் எடையைப் பார்த்துச் சொல்லும் அளவில். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, விவசாயிக்குச் சொன்னால் சட்டென்று புரியும். குளோர்பைரிபாஸ் 20 சதவீதத்திலும் வருகிறது, 50 சதவீதத்திலும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே மூடி அளவு போடுவோமா? அதே மாதிரி பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது. 'போன தடவை 5 மில்லிதானே கொடுத்தோம்' என்று பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றினால், அளவு இரட்டிப்பாகிவிடும். அளப்பதற்குச் சிரப்போடு வரும் மூடியைத்தான் பயன்படுத்த வேண்டும். பூச்சிமருந்து மூடியைக் கழுவி வைத்துக்கொண்டு அதில் மருந்து அளக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இனி அந்த வேலியோரத் தழை. கற்பூரவல்லி, துளசி, தூதுவளை மூன்றும் நம் வீடுகளின் பழைய கைமருந்து. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு, வாட்டிப் பிழிந்த கற்பூரவல்லிச் சாறு சில சொட்டுகளைத் தேனில் குழைத்துத் தருவது வழக்கம். வைரஸைக் கொன்றுவிடாது, தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த இலை எங்கே விளைந்தது என்பது முக்கியம். பயிருக்கு மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் அறுவடை என்று பாட்டிலில் போட்டிருப்பதைக் கத்திரிக்கும் வெண்டைக்கும் கணக்கிடுகிறோம். வேலியில் படர்ந்த தூதுவளைக்கு யாரும் கணக்கிடுவதில்லை. காற்றில் வரும் சாரல் அதன்மேலும் விழுகிறது. கழுவினால் போய்விடும் என்பதும் முழு உண்மை இல்லை. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், டைமெத்தோயேட் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகள். இலைக்குள் போனதை எந்தத் தண்ணீரும் கழுவாது. பத்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாம் இலையைச் சாறாகப் பிழிந்து கொடுக்கிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பூச்சிமருந்து நஞ்சு சில நேரம் சளி மாதிரியே தெரியும். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், குயினால்பாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பேட் மருந்துகள் பிள்ளையின் உடம்பில் சேர்ந்தால் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், நெஞ்சில் 'கர்கர்' என்று இரைப்பு வரும். ஆனால் சளி மெல்ல மெல்ல வரும். இது நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சில மணி நேரத்துக்குள் வந்துவிடும். கூடவே வாயில் எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், வாந்தியோ பேதியோ போகும், கண்ணின் கருமணி ஊசிமுனையளவுக்குச் சுருங்கும், பிள்ளை துவண்டுபோகும். மருந்தடித்த அன்று வீட்டில் இப்படி ஒரு 'சளி' வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐ அழைக்க வேண்டும். உப்புக் கரைசலோ சாணக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து பாட்டிலை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். முறிவு மருந்து என்ன என்று அந்தச் சீட்டிலேயே இருக்கிறது, மருத்துவருக்கு நேரம் மிச்சம். தெளிப்பானை இறக்கி வைத்ததும் "அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைக் குளித்து உடை மாற்றிய பிறகுதான் தூக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் வேறு வழியில்லை.

கடலை அறுவடைக் காலத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். ஒரு மூக்கில் மட்டும் சளி ஒழுகி நாற்றமும் அடித்தால், அங்கே ஒரு கடலைப் பருப்போ புளியங்கொட்டையோ இருக்கலாம். சளியே இல்லாத பிள்ளை கடலை தின்னும்போது திடீரென்று இருமத் தொடங்கி விடாமல் இருமினால், பருப்பு மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். இரண்டையும் வீட்டில் நோண்டாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாதாரணச் சளிதான் என்றாலும் அது நிமோனியாவாகத் திரும்புகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கடிகாரம் போதும். பிள்ளை அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு; அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் கிடந்தாலோ காத்திருக்கவே கூடாது. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றாலும் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் கைமருந்தே கிடையாது, நேரே மருத்துவர்தான். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி, ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அட்டையைக் காட்டிக் கேட்கலாம்.

அந்த டெல்டா வீட்டில் பேரனுக்கு மூச்சு 32 இருந்தது. உப்புநீர்ச் சொட்டும் தேனும் ரசம் சாதமுமாக ஒரு வாரத்தில் சரியாகிவிட்டான். வேலியோரச் செடியைப் பாட்டி பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில், வயல் பக்கமே இல்லாத ஒரு வீட்டிலிருந்து, மூன்று நான்கு கணு உள்ள சாண் நீளத் தண்டு இரண்டு வாங்கி வந்தார். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பழைய குடத்தில் நிரப்பி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நட்டிருக்கிறார். சமையற்கட்டு வாசலில், காலை வெயில் மட்டும் படும் இடம். தெளிப்பான் கழுவும் தண்ணீரோ துணி துவைத்த தண்ணீரோ அந்தப் பக்கம் வராது. மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர்; அதிகம் ஊற்றினால் தண்டு அழுகிவிடும். மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்தாலே போகும். வேர் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். மாமனார் மருந்தடிக்கப் போகும் நாளில் மட்டும் குடத்தை வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடுகிறார் மருமகள்.