கித்தாக் கொட்டைக் காலம்

தோட்டத்துப் பிள்ளைகள் – 9

ஆகஸ்டு பிறந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காது கூர்மையாகிவிடும். வெயில் ஏற ஏற, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்து உச்சியில் காய்கள் வெடிக்கத் தொடங்கும். முதலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து, காய்ந்த இலைகள்மேல் கொட்டை விழுகிற சத்தம். இந்த இரண்டாவது சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். வெடித்த மரத்தின் அடியிலேயே குனிந்து தேடிக்கொண்டிருப்பவன் விளையாட்டுக்குப் புதியவன் என்று அர்த்தம். காய்க்குள் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. வெடிக்கிற வேகத்தில் அவை இரண்டு மூன்று நிரை தாண்டிப் போய் விழும்.

சென்ற வாரம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தின் விடியற்காலையைப் பற்றி எழுதியிருந்தேன். பெரியவர்கள் உளியும் வாளியுமாகக் காட்டுக்குள் போய்விட்ட பிறகு, பள்ளி இல்லாத நாட்களில், எங்கள் வீட்டு வரிசையான லயமும் அதைச் சுற்றியிருந்த மர நிரைகளும் பிள்ளைகள் வசம் வந்துவிடும். இந்த வாரம் அந்தப் பிள்ளைகளோடு போவோம்.

கித்தாக் கொட்டை கட்டைவிரல் நுனியளவு இருக்கும். வழவழப்பான ஓடு. சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளிகளும் கோடுகளும் அதன்மேல் ஓடும். ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக இருப்பதால் உள்ளங்கையில் சரியாகப் பொருந்தி உட்காரும். எங்கள் பந்தயம் மிக எளிமையானது. ஒருவன் தன் கொட்டையைத் தரையில் வைப்பான். மற்றவன் தன்னுடையதை அதன்மேல் வைத்து, கையை ஓங்கி ஒரே குத்து. எது உடைகிறதோ அதன் சொந்தக்காரன் தோற்றான். பத்துப் பதினைந்து கொட்டைகளை உடைத்துவிட்டு விரிசல் விழாமல் நிற்கும் கொட்டைக்குத் தோட்டம் முழுக்கப் பேர் பரவும். அதை வைத்திருப்பவன் இரவில் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவான்.

எந்த மரத்துக் கொட்டை உடையாது என்பது எங்களுக்குத் தெரியும். “பதினோராம் நம்பர் காட்டில், ஓடைக்குப் பக்கத்து மரம்” என்று ரகசியமாகச் சொல்லிக்கொள்வோம். அந்த மரத்துக் கொட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளமும் சொல்லிவிடுவோம். இது பிள்ளைகளின் கற்பனையல்ல. கொட்டையின் ஓடு தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. அதனால் ஒரு மரத்தின் கொட்டைகள் எல்லாம் ஒரே வடிவமும் ஒரே கோலமும் கொண்டிருக்கும். கொட்டையைப் பார்த்தே மரத்தின் ரகத்தைச் சொல்லும் முறை ரப்பர் ஆராய்ச்சியாளர்களிடமும் உண்டு. நாங்கள் அதை ஓட்டைக் கால்சட்டைப் பைக்குள் கொட்டையைத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டோம்.

காற்றாடி செய்வது இன்னும் நுட்பமான வேலை. கொட்டையின் மேலும் கீழும் ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை. அக்காவின் கொண்டை ஊசியால் உள்ளிருக்கும் பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுக்க வேண்டும். பருப்பை வாயில் வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு அம்மாவும் எச்சரித்திருப்பார். பச்சைப் பருப்பில் சயனைடு விஷம் உருவாகும் என்பதால் அந்த எச்சரிக்கை நியாயமானதுதான். குடைந்து முடித்ததும் மேல் துளை வழியாக ஒரு குச்சியைச் செருகி, நடுவில் நூலைக் கட்டி, அதன் மறுமுனையைப் பக்கத்துத் துளை வழியே வெளியே எடுக்க வேண்டும். குச்சியின் தலையில் சீவிய மரத்துண்டு ஒன்று இறக்கையாக உட்காரும். நூலைச் சுண்டி இழுத்துத் தளர்த்தினால் இறக்கை சுழன்று நூலைத் தானே மறுபடி சுற்றிக்கொள்ளும். இழு, விடு, இழு, விடு. காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொம்மையும் எனக்கு அந்தச் சுழற்சியைப் போன்ற மகிழ்ச்சியைக் கொடுத்ததில்லை.

கொட்டைக்கு வேறொரு மதிப்பும் இருந்தது. நாற்றங்காலுக்குக் கொட்டை பொறுக்கிக் கொடுத்தால் தோட்டத்தில் டின் கணக்கில் சில்லறைக் காசு தருவார்கள். அதில் முளைக்கும் கன்றின்மேல்தான் நல்ல ரகத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுவார்கள். பொறுக்கிய கொட்டையை உடனே கொடுத்துவிட வேண்டும், சில வாரம் கிடந்தால் முளைப்புச் சக்தி போய்விடும்.

இந்தச் சின்னக் குறைதான் ஒரு காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தையே கவலைப்பட வைத்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 கொட்டைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். வழியிலேயே பெரும்பாலானவை செத்துப்போய், முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த வம்சத்திலிருந்து 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது நம் பேராக்கின் கோலாகங்சாருக்கு வந்து, பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் கோலாகங்சாரில் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாகங்சாருக்குக் கொஞ்ச தூரம்தான். அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த மரத்தை நின்று பார்க்க வேண்டும். நம் பாட்டன் பூட்டிகளைக் கப்பலேற்றிய மரம் அது. நாம் விளையாடிய கொட்டைகளுக்குக் கொள்ளுப்பாட்டியும் அந்த வரிசையில் வந்த ஒரு மரம்தான்.

இனி பந்து. வெட்டுப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடாவாக உரித்து எடுப்போம். அதை உருண்டையாகச் சுற்றிச் சுற்றி, கையடங்காத அளவு வந்ததும் நிறுத்துவோம். கருத்துப்போய், கொஞ்சம் நாற்றமும் அடிக்கும். ஆனால் தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேலே எழும்பும். சிக்கல் என்னவென்றால் அந்த ஒட்டுப்பாலுக்கும் விலை உண்டு. அதுவும் எடை போடப்பட்டு அம்மாவின் கணக்கில் ஏறும் பொருள். மண்டோர் கண்ணில் பட்டால் பந்து பறிபோகும், அப்பாவுக்குத் திட்டு விழும். அதனால் அம்மாவே தன் நிரையிலிருந்து கொஞ்சம் உரித்து, முந்தானையில் முடிந்துகொண்டு வந்து தருவார். அந்தப் பந்தில் அம்மாவின் கூலியில் ஒரு சிறு துண்டு இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தார்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் தோட்டத்துப் பிள்ளைப் பருவத்தைச் சொல்லிவிட முடியாது. விடியலில் மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் கோடு தாண்டி வழிந்து, பால் பிடிக்கும் மங்கில் சேராமல் வீணாகும். எங்களுக்கு அது திருவிழா. அம்மா வீட்டில் இருப்பார். அடுப்பு அணையாது. வறுத்த கச்சானோ, மரவள்ளிக்கிழங்கோ, சூடான வரக்கோப்பியோ இருக்கும். லயத்து வாசலில் ஓடும் தண்ணீரில் கித்தா இலையைப் படகாக விடுவோம்.

ஈப்போவின் புந்தோங்கில் அடுக்குமாடி ஒன்றில் வசிக்கும், முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டிய ஓர் அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒங்களுக்கு மழைன்னா விளையாட்டுய்யா. எங்களுக்கு அன்னிக்குப் பேரு இல்ல. மாசத்துல பத்து நாளு மழை அடிச்சா கடைக்காரன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு இருக்கும். ஆனாலும் பிள்ளைங்க முன்னாடி அதக் காட்டிக்க மாட்டோம். அதுங்களுக்கு என்ன தெரியும், பாவம்.”

இந்த வார்த்தைகளை எழுதாமல் விட்டுவிட்டு மழையையும் வரக்கோப்பியையும் மட்டும் எழுதினால் அது அவருக்குச் செய்யும் துரோகம். எங்கள் சந்தோஷம் பொய்யல்ல. அதைக் காப்பாற்றிக் கொடுக்க ஒருவர் கவலையை விழுங்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார் என்பதும் பொய்யல்ல.

எனக்கு முந்தைய தலைமுறைக்கு இந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் அதற்குப் பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று காட்டுக்குள் சோற்றுப்பொட்டலம் எடுத்துப்போகவே தடை இருந்தது. அந்த வேலிக்குள்ளும் பிள்ளைகள் விளையாடித்தான் இருக்கிறார்கள். என் அத்தை ஒருவர் கித்தாக் கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடியதைச் சொல்வார். ஊரடங்கு நேரத்தில் வெளியே சத்தம் கேட்காமல் குழியில் கொட்டையை மெல்லப் போட வேண்டுமாம்.

இப்போதெல்லாம் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் கைப்பேசியைக் குற்றம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். பிள்ளைகள் திரையைவிட்டு நிமிர்வதில்லை, அதனால்தான் பழைய விளையாட்டெல்லாம் போயிற்று என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் விளையாட்டு கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. அதைக் கொண்டுபோனது செம்பனை.

1980களின் இறுதிவரை உலகிலேயே அதிக ரப்பர் விளைவித்த நாடு மலேசியா. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பேராக் தோட்டங்களில் கித்தாவை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. லாபக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஒரு பிள்ளையின் கண்ணால் பாருங்கள். கித்தாக் காட்டில் தரை சுத்தமாக இருக்கும். நிரைகளுக்கு நடுவே நிழலில் ஓடலாம், ஒளியலாம், மரத்தில் சாய்ந்து உட்காரலாம். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்தால் புரண்டு விளையாட மெத்தை கிடைக்கும். மக்கிப்போன இலையின் நரம்புவலையை எடுத்துப் புத்தகத்துக்குள் வைக்கலாம். செம்பனைக் காட்டிலோ மட்டைக்கு மட்டை முள். எலியும், எலியைத் தேடிவரும் பாம்பும் உண்டு. பழக்குலை தலையில் விழுந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அந்த மரம் எண்ணெய் கொடுத்தது. ஒரு பிள்ளையின் பைக்குள் போட்டுக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை.

அதோடு செம்பனைக்குக் கித்தா அளவுக்கு ஆட்கள் தேவைப்படவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, பல வீடமைப்புத் திட்டங்களாயின. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கினார் என்றால், இந்தச் சிதறலை அவர் அன்றே கண்டுவிட்டார் என்று பொருள். சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். தோட்டம் விற்கப்பட்டால் ஒரு குடும்பம் எதையெல்லாம் இழக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. சங்கம் காப்பாற்றிய தோட்டங்கள் உண்டு. காப்பாற்ற முடியாதவையே அதிகம்.

லயத்தைவிட்டு வந்தவர்களில் பலர் ஈப்போவில் புந்தோங், சிலிபின் பக்கம் குடியேறினார்கள். புந்தோங்குக்கென்று ஒரு வாசம் உண்டு. எட்டயபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கச்சாங் பூத்தேயின் வாசம். தைப்பூசத்தில் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி போகும் வழியில் காகிதச் சுருளில் வாங்கிய காரக்கடலையை நான் இன்னும் அதே ஆசையோடு தின்கிறேன். தோட்டத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை லாரியில் ஏறி ஈப்போவுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பூசமே பெரிய பட்டணப் பயணம். பட்டணம் வந்த பிள்ளைகளுக்குப் பட்டணத்துச் சந்தோஷங்கள் கிடைத்தன, அதில் எனக்குக் குறையில்லை. அடுக்குமாடி வாசலில் கோலி ஆடினார்கள், பட்டம் விட்டார்கள். கித்தாக் கொட்டை மட்டும் அவர்களோடு வரவில்லை. அதற்கு மரம் வேண்டுமே.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்னும் ஒரு தோட்டத்தின் பெயர் நிற்கிறது. தோட்டமே அழிந்த பிறகும், பள்ளி வேறு இடத்துக்கு மாறிய பிறகும், பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு கித்தாக் கொட்டையைக் கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சிறு தோட்டக்காரர்களிடம் கித்தா இன்னும் இருக்கிறது. கோலாகங்சார் சாலையோரம் ஆகஸ்டு, செப்டம்பரில் வண்டியை நிறுத்தினால் போதும், ஒரு பை நிறையப் பொறுக்கலாம். ஆசிரியர்கள் யாராவது இதைச் செய்தால் மகிழ்வேன். தாவரவியல், வரலாறு, கைவேலை மூன்றையும் அந்த ஒரு கொட்டையில் நடத்தலாம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நான் சொன்ன விதிகள் எங்கள் தோட்டத்து விதிகள். சில தோட்டங்களில் கொட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நெரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சில இடங்களில் மூன்று முறை குத்தலாமாம். உங்கள் தோட்டத்தில் எப்படி ஆடினீர்கள், தோற்றவன் என்ன கொடுக்க வேண்டும், பெண் பிள்ளைகள் தனியாக ஆடினார்களா சேர்ந்து ஆடினார்களா, தோட்டத்தின் பெயரோடு எழுதி அனுப்புங்கள். எழுதக் கை நடுங்கும் தாத்தா பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதினால் இன்னும் நல்லது. வருகிற கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம்.

அடுத்த வாரம், மாலை ஐந்து மணிக்குச் செம்மண் சடக்கில் மணி அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர்.