அம்மிச்சி கேட்ட ஊசி



பெருந்துறைச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வயிற்றுப்போக்குடன் பேரக்குழந்தையைத் தூக்கி வரும் அம்மிச்சிமார் எங்களைக் கண்டதும் சொல்வது இதுதான்: "டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு ஊசி போடச் சொல்லுங்கய்யா." வைரஸைக் கொல்லும் அப்படியோர் ஊசி இல்லை. ஏன்? இறையியல் கல்லூரியில் நாங்கள் கற்றது கிரேக்கமும் எபிரெயமும்தான். இதை டாக்டர்களிடம் கேட்டே அறிந்தோம்.

சென்னிமலைத் தறியில் போர்வைகள் தனித்தனியாக இறங்குவதில்லை. ஒரே நீளமாக நெய்து, பிறகு வெட்டுகிறார்கள். நோரோ வைரஸ் செய்வதும் அதுவே. தான் நுழைந்த செல்லைக் கொண்டே, ஆறு புரதங்களை ஒரே சங்கிலியாக நெய்விக்கிறது. அவற்றைப் பிரித்தால்தான் வைரஸ் பெருகும். வெட்டும் கத்தரிக்கோலும் அந்தத் துணியிலேயே ஒரு துண்டு! புரோட்டியேஸ் என்னும் அந்த நொதி ஐந்து இடங்களில் வெட்டி, தன்னையும் விடுவித்துக்கொள்கிறது.

எச்.ஐ.வி.யின் இத்தகைய கத்தரியை முடக்கும் மருந்து 1995-இல் வந்தது, கொரோனாவுக்கு 2021-இல். நோரோவுக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் இல்லை.

1973-இல் மெல்போர்னில் கண்டறியப்பட்ட ரோட்டா வைரஸின் தந்திரம் வேறு. அதன் மேலே முள்போல் நிற்கும் புரதத்தை வெட்டிக் கொடுப்பது நம் கணையத்தில் சுரக்கும் டிரிப்சின். பருப்பையும் முட்டையையும் செரிக்க வைக்கும் அதே நொதி! அந்த வெட்டு விழுந்த பிறகே வைரஸ் செல்லுக்குள் நன்றாக நுழைகிறது. ஆய்வுக்கூடத்தில் அதை வளர்ப்பவர்களும் டிரிப்சின் சேர்த்தே வளர்க்கிறார்கள். இதைக் கேட்டபோது எங்கள் மனம் நெருடியது. டிரிப்சினைத் தடுத்துவிடலாம் என்றால், குழந்தைக்குப் பருப்பும் முட்டையும் சரியாகச் செரிக்காதே!

ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்து உண்டு. இந்தியாவில் உருவான சொட்டு மருந்தை 2011-இல் தொடங்கி டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூரில் அப்பணியைச் செய்தது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு பாதிக்குச் சற்று மேல் குறைந்தது. முழுவதும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். தமிழகத்தில் 2017 முதல் அரசுத் திட்டத்தில் 6, 10, 14-ஆம் வாரங்களில் ரோட்டா தடுப்பு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

எந்த வைரஸானாலும், உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. ஆகவே உங்கள் காணிக்கையில் வாங்கிய உப்பு சர்க்கரைப் பொட்டலத்தையும், 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையையும் அம்மிச்சியின் கையில் தருகிறோம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சில அம்மிச்சிமார் அப்போதும் ஊசியைத்தான் கேட்கிறார்கள். முதல் டம்ளரை எங்கள் எதிரிலேயே கொடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம்.