வளைவுக்கு முன்பே பிடிக்க வேண்டிய பிரேக்

ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. விடுமுறை நாள் காலையில் பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் சைக்கிள்காரர்கள் 9ஆவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் நின்று, கீழே விரியும் அணையோடு படமெடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு நேரத்தில் ஏறினோம் என்பதுதான் அங்கே பேச்சு. 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ பயணத்திலும் பேர்போனது 36 வளைவுகள் கொண்ட கல்லட்டி ஏற்றம்தான். ஏறுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்கள்கூட இறங்குவதற்கு ஒரு நாளும் ஒதுக்குவதில்லை. சைக்கிள் தானாக இறங்கிவிடும் என்ற நினைப்பு. ஏறும்போது தடுமாறினால் காலை ஊன்றி நின்றுவிடலாம். இறங்கும்போது தடுமாறினால் தடுப்புச் சுவர்தான் நிறுத்தும்.

இறக்கத்தில் சைக்கிளுக்கு ஒரு பெரிய குறை உண்டு. தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்லி மலைப்பாதைகளில் பலகை வைத்திருப்பார்கள். காரையும் பஸ்ஸையும் அப்போது என்ஜினே பாதி பிடித்து வைத்துக்கொள்ளும். சைக்கிளில் 21 கியர் இருந்தாலும் பெடலை நிறுத்தியதும் பின்சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். பிரேக்கை விட்டால் வேறு கதியில்லை.

அந்த பிரேக் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், இந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பு வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக இறங்குகிறது. மவுண்டன் பைக் என்ற விளையாட்டின் தொடக்கத்திலேயே இந்தச் சூடு இருந்தது. 1976 அக்டோபரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் பகுதி மண்பாதையில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை வைத்து இறக்கப் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக் அவற்றில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் உள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதையே பந்தயத்துக்குப் பெயராக்கி ‘ரீபேக்’ என்றார்கள். இருபது ஆண்டு கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் இடம்பிடித்தது.

இன்றைய டிஸ்க் பிரேக் எவ்வளவோ மேல். ஆனாலும் மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் அதுவும் சூடேறிவிடும், பிடி தளரும். நேர்பாதையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடிப்பதே சரியான முறை.

எங்கே பிடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் திரும்ப, சுமார் 14 டிகிரி சாய்ந்தால் போதும். அதே வளைவில் 36 கி.மீ. வேகத்தில் வந்தால் 45 டிகிரிக்கு மேல் சாய வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பக்கவாட்டு விசை நாலு மடங்காகிறது. மணல் சிதறிக் கிடக்கும் தாரில் எந்த டயரும் அந்தச் சாய்வைத் தாங்காது. டயருக்கு இருப்பது ஒரே அளவுப் பிடிப்பு. திருப்பவும் நிறுத்தவும் அதைத்தான் பங்கிட வேண்டும். வளைவுக்குள் பயந்து பிரேக்கை இறுக்கினால் திருப்புவதற்கு மிச்சமிருக்காது, சக்கரம் வழுக்கும். ஆகவே வேகத்தையெல்லாம் வளைவுக்கு முந்தைய நேர்பாதையிலேயே குறைத்துவிட வேண்டும். உள்ளே போனபின் விரல் லீவர்மேல் இருக்கட்டும், இறுக்க வேண்டாம்.

பார்வை அடுத்தது. பள்ளத்தையே பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும். வளைவில் நுழைந்ததும் தலையைத் திருப்பி, வெளியேற வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் எடை அதன்மேல்.

இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசிகளில் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஊரில் இடப்புறம் போவதால் அங்கே உள்வட்டம் நம்முடையது: குறுகலானது, சரிவும் அதில்தான் அதிகம். வேகம் சற்று மிஞ்சினாலும் சைக்கிள் எதிர்ப் பாதைக்குள் ஒதுங்கிவிடும். எதிரே ஏறி வரும் அரசுப் பஸ்ஸோ திரும்புவதற்கு முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது முறை. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுவது கோழைத்தனமல்ல. வால்பாறைச் சாலையில் வரையாடுகள் தார் ஓரம்வரை வந்து மேயும். மேலே கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது. டீசல் சொட்டிய வழுக்கலும் வண்டிகள் திணறி ஏறும் வளைவுகளில்தான் இருக்கும்.

மண்பாதையில் கணக்கு வேறு. பட்டன் டயர் தளர்ந்த மண்ணைக் கவ்வும். அதே டயர் தாரில் சாயும்போது நெளியும். மண்ணில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் அடுத்த கணம் ஆள் கீழே. பின்சக்கரம் இழுபட்டால் சமாளித்துவிடலாம். இருக்கையை விட்டு எழுந்து, இரண்டு பெடலையும் சம உயரத்தில் வைத்து, முழங்கையும் முழங்காலும் மடங்கியிருக்க, சைக்கிளை மட்டும் வளைவின் உள்ளே சாய்த்து, உடம்பை அதற்குமேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். புதியவர்கள் பயத்தில் உடம்பை முழுக்கப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். முன்சக்கரத்தில் எடை இல்லாமல் போய், திருப்பிய பக்கம் திரும்பாமல் அது நழுவுகிறது. செங்குத்தான சரிவில் இடுப்பு பின்னால் போகலாம்; வளைவில் நெஞ்சு ஹேண்டில்பாரை நோக்கித் தாழ வேண்டும்.

இதைப் பழகப் புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. அனுமதியில்லாமல் போகவும் கூடாது. கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கு நடுவே கிளுவை வேலி இருபுறமும் ஓடும் இட்டேரிகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. புழுதி, சரளை, வண்டித்தடம், திடீர்த் திருப்பம் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். விழுந்தாலும் உருள்வதற்குப் பள்ளமில்லை. திருப்பத்துக்குச் சில அடி முன்னால் ஒரு கல்லை அடையாளம் வைத்து, அதைக் கடக்கும் முன் பிரேக்கை விட்டுவிடப் பழகலாம். பலருக்கு ஒரு பக்கம் எளிதாகத் திரும்ப வரும், மறுபக்கம் தடுமாறும். தடுமாறும் பக்கத்தையே கூடுதலாக ஓட்டிப் பழக வேண்டும். அது சரியான பிறகு வேகத்தைக் கூட்டலாம்.