பின்லாந்தின் ஆஸ்துமாக் கணக்கு

மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நீடித்திருக்கும் அழற்சியால் அவை அவ்வப்போது சுருங்கி, இரைப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும் நோயே ஆஸ்துமா. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2019-இல் ஏறத்தாழ 26 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இதற்காகும் செலவைப் பொருளியலாளர் இரண்டாகப் பிரிப்பர்: மருந்துக்கும் மருத்துவமனைக்கும் கொடுப்பது நேரடிச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் இழக்கும் ஊதியமும் உழைப்பும் மறைமுகச் செலவு. எதைக் கூட்டினால் எது குறையும் என்பதே அரசுகளுக்கு முன்னுள்ள கேள்வி.

அதற்கு விடை தேட ஏற்ற இடம், சுமார் 56 லட்சம் மக்களைக் கொண்ட பின்லாந்து. தாரி ஹாதேலா என்ற மருத்துவப் பேராசிரியரின் தலைமையில் 1994 முதல் 2004 வரை அங்கு நடந்த தேசிய ஆஸ்துமாத் திட்டம், நோயை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டறிந்து, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தாமதமின்றித் தொடங்கி, மூச்சு மோசமாகும்போது மருந்தளவை எவ்வாறு மாற்றுவது என்பதை நோயாளிக்கே கற்றுக்கொடுத்தது. மருந்துக் கடைகளும் இப்பணியில் இணைந்தன. திணறலை உடனே நீக்கும் நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பி, நாள்தோறும் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்தை, உடல் நன்றாயிருக்கிறது என்றோ பழகிவிடும் என்று அஞ்சியோ நிறுத்திவிடுவோரே பெரும்பாலும் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்கின்றனர் என்பதால், திட்டத்தின் உயிர்நாடி இந்தக் கற்பித்தலே எனலாம்.

1993-க்கும் 2003-க்கும் இடையில் அங்கு ஆஸ்துமா மருந்துக்கு அரசுக் காப்பீட்டின் சிறப்புச் சலுகை பெற்றோர் ஏறத்தாழ 1,35,000-இலிருந்து 2,08,000 ஆகப் பெருகினர். ஆயினும், இந்நோய்க்காக மருத்துவமனைகளில் கழிந்த நாள்கள் ஆண்டுக்கு 1,10,000-இலிருந்து 51,000 ஆகவும், நோயாளி ஒருவருக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு, யூரோவில் கணக்கிட, 1,611-இலிருந்து 1,031 ஆகவும் இறங்கின. மேம்பட்ட மருந்துகளுக்கும், இலேசான நோயுடையோர் எண்ணிக்கையில் சேர்ந்ததற்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் நோயாளிகள் இத்தனை பேர் கூடியும் மொத்தச் செலவு ஏறவில்லை என்பதற்கு இவை மட்டும் காரணமாகா.

மருந்தைக் கைக்காசு கொடுத்து வாங்கவேண்டிய நாடுகளில், தடுப்பு இன்ஹேலர் குடும்பத்தின் செலவாகவும் அது நின்றபின் வரும் படுக்கைச் செலவு அரசு மருத்துவமனையின் சுமையாகவும் பிரிந்துகிடப்பதால், முன்னதை மிச்சப்படுத்துவதால் பின்னது பெருகுவது எந்தக் கணக்கேட்டிலும் ஒருசேரத் தெரிவதில்லை. தடுப்பு மருந்தை மலிவாகத் தரும் செலவைச் சலுகையாகக் கருதும் சுகாதாரத் துறைகள், அதை மருத்துவமனைச் செலவோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும்.