பச்சையப்பர் பிறந்த மண்ணில் ஜப்பான் துபாஷிகள்

துபாஷி என்றால் யார் தெரியுமா? இரண்டு பாஷை அறிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் நடுவே நின்று பேசி, கணக்கையும் கவனித்தவர்.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்ப முதலியார் ஒரு துபாஷிதான். அவர் 1754-ம் ஆண்டு பெரியபாளையத்தில் பிறந்தார். பவானி அம்மன் கோயில் இருக்கிறதே, அதே பெரியபாளையம். இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

அந்த மாவட்டத்தில் இப்போது மறுபடியும் துபாஷிகளுக்கு வேலை வந்திருக்கிறது. இந்தத் தடவை பாஷைகள், ஜப்பான் மொழியும் ஆங்கிலமும்!

கார் முதல் ஏர்கண்டிஷன் வரை

1998-ம் ஆண்டு திருவள்ளூரில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இருந்து "லான்சர்" கார் வெளிவந்தது. அது ஜப்பான் மிட்சுபிஷி கம்பெனியின் கார். அந்தக் கார் உற்பத்தி நின்றுபோய்விட்டது. ஆனால், ஜப்பான்காரர்கள் வருவது நிற்கவில்லை.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்தில் மகிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் கூட்டாகத் தொழிற்பேட்டை அமைத்தன. அங்கே ஏர்கண்டிஷன் தொழிற்சாலை கட்ட மிட்சுபிஷி எலக்ட்ரிக் 2023-ல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. அதன் மதிப்பு 1,891 கோடி ரூபாய். ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. அங்கேயும் ஜப்பான் கம்பெனிகள்.

தொழிற்சாலை வந்தால் இயந்திரம் மட்டுமா வரும்? என்ஜினீயர் வருவார். அவருடைய மனைவி வருவார், பிள்ளைகள் வருவார்கள். எல்லோருக்கும் விசா வேண்டும். 180 நாட்களுக்கு மேல் தங்கும் விசாவில் வந்தால், வந்த 14 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். சட்டமும் புதிது. வெளிநாட்டவர் பற்றிய 1946-ம் ஆண்டுச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

இந்தக் காரியங்களைக் கவனிக்கும் வக்கீலுக்குச் சட்டம் தெரியும். ஜப்பான் மொழி தெரியாது. என்ஜினீயருக்கு ஜப்பான் மொழி தெரியும். சட்டம் தெரியாது. நடுவே ஓர் உதவியாளர் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் காலத்துத் துபாஷி அவர்தான்.

55 என்றால் எந்த வருஷம்?

ஜப்பானில் கல்யாணத்துக்கு அத்தாட்சி, குடும்பப் பதிவேடு. "கொசெகி" என்று பெயர். நம் ரேஷன் கார்டு போல ஒரு குடும்பத்துக்கு ஒன்று. ஆனால், பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அதில் ஏறும். மனைவிக்கு விசா வாங்க, இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும்.

அதில் "ஷோவா 55" என்று போட்டிருக்கும். 1955 என்று எண்ணிவிடாதீர்கள். ஷோவா என்பது ஒரு சக்கரவர்த்தி ஆண்ட காலம். அதன் முதல் வருஷம் 1926. ஆகவே, ஷோவா 55 என்றால் 1980. பிரபவ, விபவ என்று வருஷங்களுக்குப் பெயர் சொல்லும் நமக்கு இது புதிதல்ல. ஆனால், அவசரத்தில் 1955 என்று எழுதிவிட்டால்? பாஸ்போர்ட்டில் ஒரு வயது, கொசெகியில் ஒரு வயது! மனு நின்றுவிடும். கணவன் கும்மிடிப்பூண்டியில், மனைவியும் குழந்தையும் ஒசாகாவில். விமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

பெயர் இன்னும் பெரிய வம்பு. ஒரு பெண்ணின் பெயரை எழுதியிருக்கும் அதே எழுத்துக்களை "யூகோ" என்றும் படிக்கலாம். "ஹிரோகோ" என்றும் படிக்கலாம். உச்சரிப்பையும் கொசெகியில் பதியும் முறை 2025 மே மாதம்தான் வந்தது. பழைய நகலாக இருந்தால், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். ஊகத்துக்கு இடமே கிடையாது.

அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்!

நம் பிள்ளைகளும் ஜப்பானுக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் போகிறார்கள். நீண்ட நாள் தங்கப் போகிறவருக்கு, அங்குள்ள கம்பெனி முதலில் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்பும். அதை வைத்து விசா வாங்கி, மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

இங்கே நம் இனிஷியல் குறுக்கே வருகிறது. பட்டச் சான்றிதழில் "எஸ். முருகன்". பாஸ்போர்ட்டில் "முருகன் செல்வராஜ்". இரண்டு பேரும் ஒருவர்தானா என்று ஜப்பான் அதிகாரி கேட்பார். கேட்பது நியாயம்தானே! தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அது தகப்பனார் பெயர் என்று விளக்கக் கடிதம் தயாராகும். அதை ஜப்பான் மொழியில் எழுதுவது உதவியாளர்தான். அப்படியும், ஜப்பானில் போய் இறங்கியதும் "செல்வராஜ் சான்" என்றுதான் கூப்பிடுவார்கள். முருகன் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"பார்க்கலாம்"

காகிதத்தைவிடப் பேச்சு கடினம். "ஹய்" என்றால் "ஆமாம்" என்று புத்தகம் சொல்லும். பல சமயம் அதற்கு "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றுதான் அர்த்தம். நாம் "ம்" கொட்டுவது போல. "கெந்தோ ஷிமாசு" என்றால் "யோசிக்கிறோம்". பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "பார்க்கலாம்" என்று சொல்வார்களே, அந்த மாதிரி. பெரும்பாலும் அது "இல்லை" என்பதன் மரியாதையான வடிவம். "சம்மதித்துவிட்டார்" என்று வக்கீலிடம் சொன்னால் தொலைந்தது.

அதே போல, உதவியாளர் தாமாகச் சட்ட யோசனை சொல்லக் கூடாது. "இந்த விசா கிடைக்குமா அம்மா?" என்று என்ஜினீயர் கேட்டால், கேள்வியை வக்கீலிடம்தான் கொடுக்க வேண்டும். காதில் விழும் குடும்ப ரகசியம் ஆபீசைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால், மொழியைவிட இதுதான் கஷ்டமான படிப்பு என்பேன்.

தமிழருக்கு ஒரு சலுகை

மொழியைக் கற்கத் தமிழருக்கு ஒரு சௌகரியம் உண்டு. "நான் டோக்கியோவுக்குப் போகிறேன்" என்பதை அதே வரிசையில் ஜப்பான் மொழியில் சொல்லலாம். வினைச்சொல் கடைசியில்தான் வரும். எழுத்துதான் மலைப்பு. அன்றாட உபயோகத்துக்கு என்று வகுத்த சித்திர எழுத்துக்கள் மட்டும் 2,136!

சென்னையில் ஏ.பி.கே. – ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற நிலையம் ஜப்பான் மொழி கற்றுத் தருகிறது. ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் தேர்வில் ஐந்து படிகள். ஐந்தாவதுதான் தொடக்கம், முதலாவதே உச்சி. தொடக்கப் படியை மட்டும் முடித்துவிட்டு வக்கீல் ஆபீசுக்கு மனுப் போடுவது வீண். இரண்டாவது படி வரை ஏறினால் தைரியமாகப் போகலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தேர்வில் வாய் திறந்து பேசும் பரீட்சையே கிடையாது. படிப்பதும் கேட்பதும் மட்டும்தான். பேச்சுப் பழக்கத்துக்குத் தனியாக ஆள் தேடிக்கொள்ள வேண்டும்.