கருவி வந்த ஊர் – 9: நாள் தெரிந்த வலி

கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக மலை இறங்க வேண்டாம், ஆறு தாண்ட வேண்டாம். ஆனாலும் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் பலர் நேரம் கடந்துதான் வந்து சேர்ந்தார்கள். மெத்தனாலின் குணம் அப்படி. முதல் சில மணி நேரம் வெறும் போதை போலத்தான் தெரியும். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். அதற்குள் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, ஃபார்மிக் அமிலமாகவும் ஆக்கியிருக்கும். வயிறு முறுக்கி, கண் மங்கி, மூச்சு வாங்கும்போதுதான் ஆட்டோ தேடுவார்கள்.

மணிக்கட்டுத் தமனியில் துளி ரத்தம் எடுத்து ஏபிஜி எனும் ரத்த வாயு மெஷினில் கொடுத்தால் சில நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். பிஹெச் 7.4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 7-ஐ நோக்கி இறங்கியிருந்தால் கழுத்திலோ தொடை இடுக்கிலோ லைன் போட்டு டயாலிசிஸ்தான். மெத்தனால் மூலக்கூறு பொடிசு. வடிகட்டியின் நூலிழைக் குழாய்ச் சுவர் வழியே நழுவிப் போய்விடும். இதற்கு மாற்று மருந்தும் உண்டு: நம்பினால் நம்புங்கள், எத்தனால். கல்லீரலின் நொதி அதைப் பிடித்துக்கொள்ள, மெத்தனால் அமிலமாகாமல் காத்துக் கிடக்கும். (யாரும் வீட்டில் முயல வேண்டாம், அது அளவு பார்த்துக் கொடுக்கிற மருந்து.)

கள்ளக்குறிச்சிக்கான சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல்தான் திறக்கப்பட்டது. அது இருந்தும் இடம் போதாமல் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பிரிந்து ஓடின. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றமும் பக்கத்துக் கல்வராயன் மலையை அண்ணாந்து பார்த்தது. மலைவாழ் மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாகவே வழக்கை எடுத்தது. கோமுகி ஆறு இறங்கி வரும் அந்த மலையில் கணக்கு தலைகீழ். பிரசவ வலி வரப்போகும் நாள் மாதக்கணக்கில் முன்பே தெரியும். இறங்கி வரும் வழிதான் பாடாய்ப் படுத்தும்.

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி இணையதளத்தில் பதிவு செய்வார். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். யாருக்கு எந்த வாரம் பிரசவம், யாருக்கு ரத்தசோகை, யாருக்குப் போன முறை சிசேரியன் என்பதெல்லாம் அதில் இருக்கும். சிக்னல் கிடைக்காத இடத்தில் நோட்டில் குறித்து வைத்து, கிடைக்கிற இடத்தில் ஏற்ற வேண்டியதுதான்.

இந்தப் பட்டியலின் நிஜப் பயன் பேறுகாலக் காத்திருப்பு அறைதான் என்பேன். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காகத் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாடு இது. குறித்த தேதிக்குச் சில நாள் முன்பே வந்து தங்கிவிடலாம். கருவி என்று பார்த்தால் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, பக்கத்துச் சுவருக்கு அப்பால் பிரசவ அறை. வலி எடுத்த பிறகு 108-ஐக் கூப்பிட்டு, வளைவுக்கு வளைவு உயிரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

ஆனால் மலையில் எல்லாரும் அப்படி முன்கூட்டியே கிளம்பிவிடுவதில்லை. வீட்டில் ஆடு இருக்கிறது. மூத்த பிள்ளைக்குச் சோறு போட ஆள் வேண்டும்.

(தொடரும்)