நெய்வேலி: கரியும் நீரும்

நம் பாபநாசத்துக் கொல்லையில் குழாய்க்கிணறு போட்டால், கையால் அடித்தோ பம்பு வைத்தோதான் தண்ணீரை மேலே கொண்டுவருகிறோம். துளையிட்டவுடன் தண்ணீர் தானாகவே பீறிட்டு எழும் இடங்களும் உண்டு. அதற்கு ஆர்ட்டீசியன் ஊற்று என்று பெயர். கும்பகோணம் வந்து, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் வரும் நெய்வேலி அத்தகைய இடமாக இருந்தது.

1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கரிய துகள்களும் வந்தன. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் அரசு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் கரியின் முகத்தைக் கண்டது 1961-இல்தான்! ஏன் இத்தனை தாமதம்? மேலே மலைபோல் மண், கீழே நீர்.

நீர் எங்கிருந்து வந்தது? நெய்வேலிக்கு மேற்கே உயரமான பகுதியில் மணற்கல் அடுக்கு தரைமட்டத்தில் தலைகாட்டுகிறது. அங்கே பெய்யும் மழை அதில் ஊறி, சரிந்து செல்லும் அடுக்கு வழியே கரிக்கு அடியில் வந்து சேர்கிறது. மேலே களிமண்ணும் கரியும் மூடிபோல் அமைந்திருப்பதால் அதற்கு வெளியேற வழியில்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வாயைக் கையால் பொத்திப் பாருங்கள். உள்ளங்கையில் உணரும் அழுத்தம்தான் இங்கேயும்.

எவ்வளவு அழுத்தம்? சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை. 7 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர்கள். ஆகவே நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை 70 டன் எடைக்குச் சமம். கரியின் கனம் 15 மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் அதன் எடை ஏறத்தாழ 18 டன்தான். மேலே 70 மீட்டர் மண் இருக்கும்வரை அதன் 140 டன் எடை நீரை அடக்கி வைக்கிறது. மண்ணை அகற்றிவிட்டால்? 18 டன்னை 70 டன் தூக்கி எறியாதா? சுரங்கத்தின் அடித்தளம் உடைந்து வெள்ளம் புகுந்துவிடும்!

இதற்கு ஒரே வழி, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைப்பது. ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்கள் மண்ணை வெட்ட, பம்புகள் நீரை அடக்கின. 1962-இல் மின்சாரம் பிறந்தது. திட்டமிட்ட ஒரு நகரம் எழுந்தது. பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. அந்த முதல் மின்நிலையம் 2020-இல் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது.

இறைத்த நீரில் ஒரு பகுதி ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பாய்கிறது. ஆனால் அழுத்தம் குறைந்த இடத்தைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவில் தாழும். சுரங்கத்தின் எல்லையோடு அது நின்றுவிடுவதில்லை.

கரி தீர்ந்தால் வேலையும் தீருமா? ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் பாட்ராப் நகரில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் அந்த ரூர் வட்டாரத்தில் நிலத்தடியைக் குடைந்ததால் தரை பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. மழைநீர் தானாக ஓடி வடியாது. அங்கே பம்புகள் என்றென்றும் ஓடியாக வேண்டும். இதை 'நிரந்தரக் கடமை' என்றே ஜெர்மானியர் அழைக்கிறார்கள். நெய்வேலியோ திறந்தவெளிச் சுரங்கம், அமைப்பு வேறு. பாடம் ஒன்றுதான்: கரி எடுப்பது சில பத்தாண்டுக் காரியம், நீர்க்கணக்கு அதைவிட நீண்டது.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் தஞ்சை மாவட்டம் வடசேரியிலும் பழுப்பு நிலக்கரி உண்டு. 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி ஆகிய மூன்றும் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. உழவர்கள் எதிர்த்தார்கள்; தமிழக அரசும் எதிர்த்தது. ஏப்ரலில் மத்திய அரசு அவற்றை நீக்கியது. 2020-இல் தஞ்சை உள்ளிட்ட பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் வந்திருந்தது.

நெய்வேலி தந்த மின்சாரத்தில் நம்மில் பலர் படித்தோம், அதை மறப்பதற்கில்லை. ஆனால் நெல்லும் நீரை நம்பித்தான் விளைகிறது. இனி எங்கேனும் கரி இருக்கிறது என்ற செய்தியைப் படித்தால், எத்தனை டன் கரி என்பதோடு நின்றுவிடாதீர்கள். எவ்வளவு நீரை இறைக்க வேண்டும், எத்தனை காலம், யாருடைய கிணறு வற்றும் என்றும் கேளுங்கள். விடையைக் கண்டுபிடிக்க உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள திரவ அழுத்தப் பாடமே முதல் படி!